தஞ்சாவூரில் ஆட்டம், பாட்டு, கூத்து: தவறவிடாமல் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேலை மாற்றலாகித் தஞ்சாவூருக்கு வந்த முதல் ஆண்டு, "ஜனவரி கடைசியில்தான் சார் ஆராதனை" என்று யாரோ சொன்னதை நம்பித் தியாகராஜர் ஆராதனைக்காகத் திருவையாறு போனேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாழைமரங்கள் சாய்ந்து கிடந்தன. சாக்குப் படுதாவைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அடுத்த வருசம் பஞ்சாங்கம் பாத்துட்டு வாங்க" என்றார். இந்த ஊரில் கலை நிகழ்ச்சிகளைப் பிடிக்க அதைவிட நல்ல யோசனை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

தஞ்சாவூர் பெரிய நகரமும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2.2 லட்சம் சொச்சம், 2014இல் மாநகராட்சி ஆனது. சென்னை மாதிரி தெருவுக்குத் தெரு சபாக்களும் டிசம்பர் சீசனும் இங்கே இல்லை. செயலியில் சீட்டு வாங்கிப் போகிற நிகழ்ச்சிகளும் குறைவு. அதனால் புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு, "இங்க சினிமாவை விட்டா ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். எக்கச்சக்கமாக நடக்கிறது. தேதியைப் பார்க்காமல் திதியையும் நட்சத்திரத்தையும் பார்த்து நடப்பதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

முதல் படி: தினசரி நாட்காட்டியில் எட்டு இடத்தில் வட்டம் போடுங்கள்

கைப்பேசி நாட்காட்டி இதற்கு உதவாது. தாள் கிழிக்கிற தினசரி நாட்காட்டியோ ஒரு பாம்புப் பஞ்சாங்கமோ வாங்கிக்கொள்ளுங்கள். சிவப்பு எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் திதியும் நட்சத்திரமும் இருக்கும்.

கர்நாடக இசை மேதை தியாகராஜரின் நினைவாக நடக்கிற ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில் முடியும். பெரும்பாலும் ஜனவரியில் வருகிற பௌர்ணமியைக் கண்டுபிடித்து, அதற்கு அடுத்த தேய்பிறைப் பஞ்சமியைக் குறித்தால் சரியாக இருக்கும். 2023இல் அது ஜனவரி 11, 2024இல் ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18. போன வருடத் தேதியை நம்பினால் என் கதிதான். ஐந்து நாள் விழா என்பதால் அந்தத் தேதிக்கு முந்தின நான்கு நாளையும் சேர்த்து வளையுங்கள்.

அடுத்து மாசியில் மகா சிவராத்திரி: பெரிய கோயில் நாட்டியாஞ்சலி. சித்திரையில் இரண்டு: பெரிய கோயில் தேரோட்டம், விசாகத்தை ஒட்டித் திருவையாற்றுச் சப்தஸ்தானம் என்கிற ஏழூர்ச் சுற்று. வைகாசியில் மூல நட்சத்திரத்தை ஒட்டி முத்துப் பல்லக்கு, திருவோணத்தில் கருட சேவை. சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ வருகிற நரசிம்ம ஜயந்தி மெலட்டூர்க் கூத்துக்கு. ஐப்பசி சதயம் ராஜராஜன் பிறந்தநாளுக்கு. எட்டு வட்டமும் போட்டாயிற்று. மீதியைச் சுவர்கள் சொல்லும்.

இரண்டாம் படி: சுவரொட்டி படிக்கப் பழகுங்கள்

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியும் கீழவாசல் பக்கமும் சுவர்களை ஒரு நடை பார்த்தால் அந்த வாரத்துக்கான கலை நிகழ்ச்சிகள் முக்கால்வாசி தெரிந்துவிடும். ஆனால் கோயில் விழா நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லும். எதை எடுத்துக்கொள்வது என்று நமக்குத் தெரிய வேண்டும்.

காப்பு கட்டுதல், பால்குடம், அன்னதானம் என்று போகிற வரிகளைத் தாண்டி 'இரவு' என்று தொடங்குகிற வரிகளுக்கு வாருங்கள். 'மங்கள இசை' என்று மட்டும் இருந்தால் வழக்கமான கோயில் மேளம். 'சிறப்பு நாதஸ்வரம்', 'சிறப்புத் தவில்' என்று போட்டுப் பக்கத்தில் படமும் ஊர்ப் பெயரும் இருந்தால் வெளியூரிலிருந்து பெயர் வாங்கிய வித்வானை அழைத்திருக்கிறார்கள், விடாதீர்கள். 'இரண்டு செட்' என்று போட்டிருந்தால் இரண்டு கோஷ்டி எதிரெதிரே வாசிக்கும். அன்றைக்குத் தூக்கத்தை மறந்துவிடலாம். 'நையாண்டி மேளம்' என்றால் கூடவே கரகமும் பொய்க்கால் குதிரையும் வர நல்ல வாய்ப்பு உண்டு. 'இன்னிசைக் கச்சேரி' என்றால் சினிமாப் பாட்டு. அது வேண்டாம் என்று சொல்லவில்லை; பெட்டி பெட்டியாக அடுக்கிய ஸ்பீக்கருக்கு நேர் எதிரே மட்டும் உட்காராதீர்கள்.

நேரத்தை அப்படியே நம்பக்கூடாது. 'இரவு 8 மணி' என்றால் 9.30. 'இரவு 10 மணியளவில்' என்று இருந்தால் சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆராதனையில் தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் எல்லாரும் சேர்ந்து பாடுகிற நேரம் மட்டும் இதற்கு விலக்கு. வானொலியிலும் தூர்தர்ஷனிலும் நேரடி ஒலி, ஒளிபரப்பு இருப்பதால் அது கடிகாரப்படி நடக்கும்.

நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்று ஒரு சின்னக் கட்டம் வரும், அதையும் பாருங்கள். மெடிக்கல் காலேஜ் சாலையில் இருக்கிற தென்னகப் பண்பாட்டு மையத்தின் வாசல் பலகையை மாதம் ஒரு முறை எட்டிப் பார்ப்பது நல்லது. 1986இல் மத்திய அரசு தொடங்கிய மண்டல மையங்களில் இது ஒன்று. தென் மாநிலங்கள், புதுச்சேரி, அந்தமான், லட்சத்தீவு எல்லாவற்றுக்கும் தலைமையகம் நம்ம ஊர்தான். வெளிமாநில நாட்டுப்புறக் கலைஞர்கள் வருவார்கள், பெரும்பாலும் கட்டணம் இல்லை, கூட்டமும் இருக்காது. ஒரு முறை முப்பது பேர் ஆடினார்கள், எதிரே நாற்காலியில் நாங்கள் பதினேழு பேர் இருந்தோம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூன்றாம் படி: திருவையாறு, பஞ்சமி நாள் காலை

நகரத்திலிருந்து வடக்கே பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டிக் காவிரிக்குப் போய்ச் சேர்வீர்கள். காலை 6 மணிக்கே பேருந்து ஏறிவிடுங்கள். சொந்தக் காரில் போனால் ஊருக்கு வெளியேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும்.

நேரே பந்தலுக்குப் போகாதீர்கள். திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை கிளம்பும். அவர் வீதியில் பாடிப் போய் அரிசி யாசித்த வழக்கத்தின் நினைவாகப் பாடிக்கொண்டே சமாதிக்கு வருவார்கள். பெரிய பெரிய வித்வான்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நம் தோள் உரச நடப்பார்கள். சென்னை சபாவில் ஆயிரக்கணக்கில் கொடுத்தாலும் இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடியாது.

பஞ்சரத்னம் ஒன்பது மணி வாக்கில் தொடங்கும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகம், இந்த வரிசை மாறாது. பாடுகிறவர்கள் எதிரெதிரே வரிசையாக உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் சேர்ந்து பாடுவார்கள். வரிகள் தெரியாவிட்டால் அச்சிட்ட புத்தகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் விரலைப் பிடித்து வரி காட்டுவார். முன்வரிசைக்கு முண்டியடிக்க வேண்டாம். என் இடம் பந்தலின் காவிரிப் பக்க ஓரம். முகங்கள் தெரியாது, ஆனால் ஆரபி தொடங்கும்போது அந்தக் குரல் கூட்டம் ஆற்றுப் பக்கமாக வந்து விழும்.

முடிந்ததும் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடை போட்டிருப்பார்கள். ஒன்றில் பாடும்போது மற்றொன்றில் சுருதி சேர்ப்பார்கள். ஆளுக்குக் கால் மணி, இருபது நிமிடம் என்று இரவு வரை ஓடும். பத்து வயதுப் பையன் வாசித்த கையோடு அடுத்து வருவது நாடறிந்த பாடகராக இருக்கும்.

வெளியே வருமுன் சமாதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலைக்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். கவனிப்பாரற்றுக் கிடந்த சமாதிக்கு 1920களில் நிலம் வாங்கிக் கோயில் கட்டியது அவர்தான். தேவதாசி மரபில் வந்த அந்த அம்மாள் கட்டிய இடத்தில், பெண்கள் பாடக்கூடாது என்று அப்போது தடை இருந்தது. அவர் பெண்களைக் கூட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில்தான் தனித்தனியாக நடந்த ஆராதனைகள் ஒன்றாயின. இன்றைக்குப் பஞ்சரத்ன வரிசையில் பெண்கள் பாடும்போது அந்தச் சிலைப் பக்கம் என் கண் தானாகப் போகும்.

நான்காம் படி: பெரிய கோயிலில் இரண்டு விழாக்கள்

நாட்டியாஞ்சலி சிவராத்திரியில் தொடங்கிச் சில நாட்கள் மாலையில் நடக்கும். கட்டணம் கிடையாது. முதல் நாள் போகாதீர்கள். சிவராத்திரிக் கூட்டத்தில் மேடையே தெரியாது. மூன்றாவது, நான்காவது நாள் ஐந்தரை மணிக்குப் போய் உட்கார்ந்தால் தரைக்கல்லில் பகல் சூடு இன்னும் இருக்கும். ஒரு துண்டு கொண்டுபோனால் நல்லது. வெளியூர், வெளிநாட்டு நடனப் பள்ளிகள் கோஷ்டியாக வரும். தரம் ஏறி இறங்கும்தான். ஒலிநாடாவுக்கு ஆடுகிற குழுவின்போது காபிக்குப் போய்விட்டு, மிருதங்கமும், தாளம் தட்டி ஜதி சொல்கிற நட்டுவாங்கமும் மேடையில் உட்காரும்போது திரும்பி வரலாம்.

இங்கே நாட்டியம் பார்ப்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. ராஜராஜன் 1010இல் முடித்த இந்தக் கோயிலின் கல்வெட்டில், பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிரின்) பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு நூறு கலம் நெல். திருப்பதிகம் பாட 48 பேர், அவர்களோடு உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர். கலைஞருக்கு வீட்டு எண்ணோடு சம்பளம் எழுதிவைத்த ஊர். இப்போதைய விழாக் குழுக்கள் வண்டி வாடகை கொடுக்கவே இழுத்தடிக்கின்றன.

கோயிலிலிருந்து மேல வீதிக்கு நடந்தே போய்விடலாம். தஞ்சை நால்வர் என்று சொல்லப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்களின் வீடு அந்த வீதியில்தான் இருக்கிறது. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற இன்றைய பரதநாட்டிய வரிசைக்கு 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்கு கொடுத்தவர்கள் அவர்கள். மேடையில் மாலை பார்க்கப் போவதன் வரைபடம் அந்த வீட்டில் போட்டது.

ஐப்பசிச் சதய விழா இரண்டு நாள். 2022 முதல் அரசு விழா. கருத்தரங்கமும் பட்டிமன்றமும் இருக்கும், அதெல்லாம் உங்கள் விருப்பம். ஓதுவார்கள் பாடிவர யானை மேல் திருமுறை ஊர்வலம் போவதை மட்டும் தவறவிட வேண்டாம். ஐப்பசி என்பதால் குடை அவசியம்.

ஐந்தாம் படி: வைகாசியில் வீதிக்கு வாருங்கள்

முத்துப் பல்லக்கு திருஞானசம்பந்தர் குருபூஜையை ஒட்டி நடக்கிறது. நகரத்து முருகன், பிள்ளையார் கோயில்களிலிருந்து அலங்கரித்த பல்லக்குகள் இரவில் கிளம்பி நான்கு ராஜ வீதிகளையும் சுற்றி வரும். பல்லக்குக்கு ஒரு மேளம். எல்லாரும் பல்லக்குக்கு முன்னால் நெருக்கியடிப்பார்கள். நீங்கள் முக்கில் நில்லுங்கள். மேல வீதி வடக்கு வீதியோடு சேருகிற மாதிரியான திருப்பத்தில் பல்லக்கு நிற்கும், தோள் மாற்றுவார்கள், மேளக்காரர்கள் அங்கேதான் நின்று வாசிப்பார்கள்.

கிட்டப் போய்ப் பாருங்கள். தவில்காரரின் வலது கை விரல்களில் வெள்ளையாகக் கூடு மாட்டியிருப்பார். துணியும் பசையும் சேர்த்துச் செய்து காயவைத்தது. இடது கையில் குச்சி. நாதஸ்வரத்தின் மேல் முனையிலிருந்து கயிற்றில் நாலைந்து சீவாளிகள், அதாவது வாய் வைத்து ஊதுகிற நாணல் துண்டுகள், தொங்கும். பாதி ஆலாபனையில் ஒன்றைக் கழற்றி வாயில் ஈரப்படுத்தி, ஊதிப் பார்த்து, இன்னொன்றை மாட்டுவார். அந்த இடைவெளியில் தவில் கொஞ்சம் ஏறி ஆடும். சுவாமி புறப்படும்போது வாசிப்பது மல்லாரி. கம்பீர நாட்டையில் இருக்கும், அதற்குப் பாட்டு வரிகள் கிடையாது. ஒரு முறை கேட்டுவிட்டால் அப்புறம் எந்தக் கோயில் வாசலில் கேட்டாலும் சுவாமி வெளியே வருகிறார் என்று தெரிந்துவிடும். அந்த நாதஸ்வரம் பெரும்பாலும் இதே மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்ததாக இருக்கும்.

கருட சேவை பகல் விழா. நகரத்துப் பெருமாள்கள் இருபதுக்கு மேல் வரிசையாக ஒரே வீதியில் வருவது கண்ணுக்கு விருந்து. காதுக்கு அவ்வளவு இல்லை. சித்திரையில் பெரிய கோயில் தேரும் அப்படித்தான். சுமார் நூறு வருடம் ஓடாமல் இருந்து, புதுத் தேர் செய்து 2015இல் ஓட்டினார்கள் என்பதால் ஊருக்கே அது மேல் ஒரு பாசம். சப்தஸ்தானத்தில் ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கில் ஏழூர் சுற்றித் திரும்பியதும், திருவையாற்றில் ஒரு பொம்மை சுவாமிக்குப் பூப்போடும். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள், அதற்காகவே போகலாம்.

ஆறாம் படி: மெலட்டூரில் ஒரு இரவு

இதுதான் கஷ்டமான படி, எனக்குப் பிடித்ததும் இதுதான். தஞ்சாவூரிலிருந்து 18 கிலோமீட்டர் போல. நரசிம்ம ஜயந்தி இரவில் பாகவத மேளம்: பிரகலாதன் கதை, தெலுங்கில், முழுக்க ஆண்களே நடிப்பது. தஞ்சை நாயக்க மன்னர் அச்யுதப்பர் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்குக் கொடுத்த ஊர் என்பதால் தெலுங்கு. இதே நாளில் சாலியமங்கலத்திலும் நடக்கும்.

பகலில் இரண்டு மணி நேரமாவது தூங்கிவிட்டுப் போங்கள். பாய், போர்வை, தண்ணீர் பாட்டில், கொசுவுக்கு ஏதாவது. மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம், கதை நமக்குத் தெரிந்ததுதானே. முதலில் கோமாளியான கோணங்கி குதித்துக்கொண்டு வந்து கூட்டத்தை எழுப்புவான். அப்புறம் பிள்ளையார் முகமூடி போட்ட ஒரு சின்னப் பையன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாத்திரமும் பாட்டோடும் ஆட்டத்தோடும் உள்ளே வரும். இரணியன் வருவதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும். இரணியன் மனைவி லீலாவதியாக வருகிறவர் பகலில் ஏதோ அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவராக இருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை சொந்த ஊருக்கு வந்து அப்பா போட்ட வேஷத்தைத் தான் போடுகிறார். மூன்று மணிக்குக் கண் சொக்கும். அந்த நேரத்தில் எழுந்து திண்ணைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள், படுத்துவிட்டால் போச்சு. நரசிம்மர் விடியும் தறுவாயில்தான் வருவார். அந்த முகமூடி கோயிலில் வைத்துப் பூஜை செய்வது. போடுகிறவர் விரதம் இருப்பவர். கைப்பேசி விளக்கை அவர் முகத்தில் அடிக்காதீர்கள்.

காசு, கூச்சம், திரும்பும் வழி

மேலே சொன்ன எதற்கும் சீட்டு வாங்கத் தேவையில்லை, ஆனால் கலைஞர்களுக்கு அது இலவசம் இல்லை. கரகமோ தப்பாட்டமோ பொய்க்கால் குதிரையோ பார்த்துப் பிடித்திருந்தால், ஆட்டம் முடிந்ததும் போய்க் கையில் கொடுங்கள். ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவது சில ஊர்களில் வழக்கம்தான். எனக்கு அது பிடிப்பதில்லை, ஆடுகிற பெண்களிடம் அந்த வேலை கூடவே கூடாது. ஜிபே எண் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அப்படியே அடுத்து எங்கே, எந்த நாள் என்று கேட்டு எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். சுவரொட்டியில் வராத நிகழ்ச்சிகள் பாதி எனக்கு அப்படித்தான் தெரிந்தன. ஆடி மாதம் அம்மன் கோயில் விழாக்கள் தொடங்கினால் அந்தக் குழுக்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

கிராமங்களிலிருந்து இரவு பத்து மணிக்கு மேல் பேருந்தை நம்பாதீர்கள். இருசக்கர வண்டியில் போனால், வருகிற வழியில் ஆற்றுப் பாலங்களில் மாடுகள் படுத்திருக்கும், மெதுவாக வாருங்கள். மெலட்டூருக்குப் பேருந்தில் போனவர்களுக்குக் கவலையே இல்லை. நரசிம்மர் முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது முதல் பேருந்துக்கு நேரமாகியிருக்கும், டீக்கடையில் பால் கொதித்துக்கொண்டிருக்கும்.